கதவை முதலில் மூடியது யார்?

"இவங்களுக்கு எதுக்குத் தனியா ஒரு சங்கம்? எல்லாரோடயும் கலந்து இருக்க வேண்டியதுதானே?"

லத்தீனோ மாணவர்களின் ஃபிரட்டர்னிட்டிகளைப் பற்றிப் பேச்சு வந்தபோது அலுவலக நண்பர் கேட்டார். கேட்டது எங்கே? நாங்கள் ஐந்து பேர் தினமும் தமிழிலேயே பேசிக்கொண்டு தயிர்சாதம் சாப்பிடும் மேசையில்.

கேள்வியிலேயே பிழை இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரிகளில் கிரேக்க எழுத்துகளைப் பெயராகச் சூடிய சங்கங்கள் பல, வெள்ளைக் கிறிஸ்தவர்களுக்கு மட்டுமே இடம் என்று விதியிலேயே எழுதி வைத்திருந்தன. 1906-ல் கார்னெலில் கறுப்பின மாணவர்கள் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவைத் தொடங்கியது பிரிந்துபோகும் ஆசையால் அல்ல. உள்ளே விடாதவனை விட்டுவிட்டு, வெளியே நின்றவனிடம் "ஏன் கலக்கல?" என்று கேட்பது என்ன நியாயம்?

லத்தீனோ கதைக்கு இரண்டு தொடக்கங்கள். 1898-ல் நியூயார்க் மாநிலத்தின் டிராய் நகரில், ரென்சலேர் பொறியியல் கல்லூரியில் ஸ்பானிய அமெரிக்க மாணவர்கள் ஒரு சங்கம் கூடினார்கள். அந்த மரபில் 1931 டிசம்பரில் அங்கேயே பிறந்தது ஃபை ஐயோட்டா ஆல்ஃபா. அவர்கள் பெரும்பாலும் லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து படிக்க வந்த வசதியான வீட்டுப் பிள்ளைகள். பொலிவார் கனவுகண்ட ஒன்றுபட்ட கண்டம் அவர்களின் பேச்சு.

இரண்டாவது கதை வேறு. 1969-ல் நியூயார்க் சிட்டி காலேஜில் கறுப்பின, போர்ட்டோ ரிக்க மாணவர்கள் வளாகத்தின் வாயிலையே பூட்டிப் போராடினார்கள். அடுத்த ஆண்டு அந்நகரப் பல்கலைக்கழகம் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் கதவை அகலத் திறந்தது. அந்தப் பத்தாண்டில், 1975 டிசம்பரில், பக்கத்து நியூ ஜெர்சியின் கீன் கல்லூரியில் லாம்டா தீட்டா ஃபை தொடங்கியது. அதே மாதம் அதே கல்லூரியில் பெண்களுக்கு லாம்டா தீட்டா ஆல்ஃபா. அந்தத் தலைமுறையில் பலர் வீட்டிலிருந்து முதல் ஆளாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். விண்ணப்பம் எப்படி நிரப்புவது என்று சொல்லக்கூட வீட்டில் ஆள் கிடையாது. அண்ணன் இல்லாதவன் அண்ணனைத் தேடிக்கொண்டான், அவ்வளவுதான்.

இவ்விரண்டையும் ஒரே பரம்பரையாகக் கோத்துப் பெருமை பேசுவதை என்னால் ஏற்க முடியாது. மாளிகைப் பிள்ளையின் தனிமையும் தொழிலாளி மகனின் தனிமையும் ஒன்றல்ல. இன்னொன்றும் சொல்லவேண்டும். கதவை மூடியவர்களிடமிருந்து கிரேக்க எழுத்தை மட்டும் இவர்கள் வாங்கவில்லை. ரகசியச் சடங்கையும், புதிதாக வருபவனைச் சோதிக்கும் வழக்கத்தையும் சேர்த்தே வாங்கினார்கள். ராகிங் பார்த்து வளர்ந்த எனக்கு அது எங்கே போய் முடியும் என்று தெரியும்.

அந்தக் குறையை அவர்கள் திருத்தட்டும். ஆனால் நண்பரே, தனிமேசை போட்டதற்குக் கணக்குக் கேட்குமுன், நம்ம மேசையைக் கொஞ்சம் பாருங்க. நம்மை இங்கே யாரும் துரத்தி உட்காரவைக்கவில்லை.