கண்ணோய்க்கும் கொழும்பா?

கண் சிவந்தால் நம்மவர் வைத்தியரை நாடுவதில்லை, அலமாரியை நாடுகின்றனர். வந்தாறுமூலையிலோ செங்கலடியிலோ ஒரு பிள்ளைக்குக் கண்ணோய் கண்டால், சென்றமுறை தமையனுக்கு வாங்கிய சொட்டு மருந்து வெளியே வருகிறது. அது தீர்ந்திருந்தால், பாமசியில் “கண்ணுக்கு ஒரு மருந்து” என்ற மூன்று சொற்களே போதும். தாய்ப்பால் விடுவோரும் நந்தியாவட்டைப் பூ ஒற்றுவோரும் இன்னும் உளர். பெரும்பாலும் நோய் ஓரிரு வாரத்தில் தானாகவே மாறிவிடுவதால், மாற்றியது மருந்தே என்று எல்லோரும் நம்பிவிடுகின்றனர். ஆபத்து இந்த நம்பிக்கையிலேதான் இருக்கிறது.

சிவந்த கண் யாவும் ஒரே நோயன்று. கூட்டமாகப் பரவும் கண்ணோய்க்குப் பெரும்பாலும் காரணம் அடினோ வைரசு. அதில் 8, 37, 64 முதலிய வகைகள் கருவிழியையும் தாக்கி, மாதக்கணக்கில் பார்வையை மங்கச் செய்ய வல்லன. 1969இல் ஆபிரிக்காவின் கானா நாட்டில் தோன்றிய குருதிக் கண்ணோய்க்குக் காரணம் எந்தரோ வைரசு 70. மனிதன் சந்திரனில் இறங்கிய ஆண்டாகையால் மக்கள் அதனை ‘அப்பலோ நோய்’ என்றனர்! அடுத்த ஆண்டு சிங்கப்பூரில் கண்டது கொக்சாக்கி ஏ24 என்னும் வேறொரு வைரசு. முன்னையது கண்ணோடு நில்லாது, அரிதாகச் சிலருடைய கால்களையும் இளம்பிள்ளைவாதம் போல் முடக்கியது. தமிழகத்தார் ‘மெட்ராஸ் ஐ’ என்று ஒரே பெயரால் அழைப்பதற்குள் இத்தனை நோய்கள்! வெறும் பார்வையால் இவற்றைப் பிரித்தறிதல் தேர்ந்த வைத்தியர்க்கும் எளிதன்று.

இவற்றிலும் கொடியது ஹேர்ப்பிஸ் வைரசு. பெரும்பாலும் ஒரு கண்ணில் மட்டும் சிவப்பு, கூச்சம், கருவிழியில் மரக்கிளை போன்ற புண். அதற்கு அசைக்குளோவிர் என்னும் மருந்து உண்டு. ஆனால் ஸ்டீரொயிட் சொட்டைத் தனியே விட்டாலோ, சிவப்புத் தணியும், புண் பரவும். நோயாளி குணமாகிறது என்று எண்ணியிருக்கும் நாட்களிலேயே பார்வை போகிறது. சூடடிப்பின்போது நெற்சுணை பட்ட கண்ணில் உண்டாகும் பூஞ்சணப் புண்ணுக்கும் இதே சொட்டு நஞ்சாகும். படுவான்கரை வட்டைகளில் வேலை செய்வோர் இதனை மனத்திற் பதித்துக்கொள்வாராக: நெல் பட்டுச் சிவந்த கண், ஊரில் பரவும் கண்ணோயன்று, அன்றே வைத்தியரிடம் காட்ட வேண்டிய கண்.

ஆய்வுகூடம் இங்கே செய்ய வேண்டியது மாயவித்தையன்று. கீழிமையின் உட்புறத்தை உரிய குச்சியால் தடவி, அதற்கான திரவத்திலிட்டுக் குளிரில் வைத்து அனுப்ப வேண்டும். முன்னாளில் வைரசை உயிரணுக்களில் வளர்த்துக் காண வாரங்களும் சென்றன. விடை வருமுன் நோய் போய்விடும். இன்றைய பி.சி.ஆர். முறை சில மணி நேரத்திற் சொல்லிவிடுகிறது. பூஞ்சணப் புண்ணுக்கு அதுவும் வேண்டா. புண்ணைச் சுரண்டி எடுத்து, பொற்றாசியம் ஐதரொட்சைட்டுத் துளியிட்டு நுணுக்குக்காட்டியிற் பார்த்தால் பெரும்பாலும் சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

ஒவ்வொரு சிவந்த கண்ணுக்கும் பி.சி.ஆர். செய்க என்று நாம் கேட்கவில்லை. அது வீண்செலவு. ஊரில் கண்ணோய் தோன்றும்போது முதற் பத்துப் பேரிடம் மாதிரி எடுக்கட்டும். கருவிழி பாதிக்கப்பட்டோரையும் பச்சிளங் குழந்தைகளையும் இரண்டு வாரத்தில் மாறாதோரையும் சோதிக்கட்டும். வந்தது இன்னதென்று தெரிந்தால் மருந்துக்கு மட்டுமன்று, துப்புரவுக்கும் வழி தெரியும். அடினோ வைரசு கதவுப் பிடியிலும் கண் பார்க்கும் கருவியிலும் வாரக்கணக்கில் உயிர்த்திருப்பது. கைக்குப் பூசும் அற்ககோலுக்கு இலேசில் மசியாது, குளோரின் வேண்டும்.

பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தின் பணியை நாம் குறைத்துரையோம். ஆயினும் முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருந்துதான் நம் கண்ணுக்கு விடை வரவேண்டுமா? கொவிட் காலத்தில் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலேயே பி.சி.ஆர். பரிசோதனை நடந்தது. அவசரம் என்றபோது முடிந்தது, அமைதிக் காலத்தில் ஏன் முடியாது? 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாகிய நிலையம் வந்தாறுமூலையில் நிற்கிறது; விஞ்ஞானம் கற்ற நம் பிள்ளைகள் அங்கே இருக்கின்றனர். போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ், கிராம வைத்தியசாலை மாகாணத்தின் கீழ், பல்கலைக்கழகம் வேறோர் அமைச்சின் கீழ். மூவரும் ஒரு மேசையில் அமர்ந்தால், செங்கலடியில் எடுத்த மாதிரிக்கு மறுநாளே மட்டக்களப்பில் விடை காணலாம்.

வேண்டியவை சோதனைப் பொருட்களும் குளிர்ப்பெட்டியும் பயிற்சி பெற்ற இரண்டொருவருமே. அடுத்த வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் நம் பிரதிநிதிகள் இந்தச் செலவைப் பெயர் குறித்துக் கேட்பார்களா? பொதுவாகச் ‘சுகாதாரம்’ என்று பேசி அமர்வதை நாம் நிறையக் கேட்டுவிட்டோம். அதுவரை, கண் சிவந்தவரின் துவாயும் தலையணையும் தனியாக இருக்கட்டும். அலமாரியில் மிஞ்சிய சொட்டு மருந்து இன்றே குப்பைக்குப் போகட்டும்.