வெடிமருந்துக் கம்பனி சொன்ன வீரர் கதைகள்

"அந்தக் காலத்து றேடியோவில எல்லாம் சுத்தமா இருந்தது" என்று ஒரு கதை உலாவுகிறது. 1930கள், 40களின் அமெரிக்க வானொலி நாடகங்களை யூரியூப்பில் தேடிக் கேட்கிறவர்களிடம் இது ஒரு நம்பிக்கை மாதிரியே ஆகிவிட்டது. நல்ல குரல், நல்ல இசை, அரை மணித்தியாலத்தில் ஒரு பெரிய மனிதரின் முழு வாழ்க்கை. லிங்கன், கொலம்பஸ், விஞ்ஞானி, கண்டுபிடிப்பாளர் என்று வரிசையாக வருவார்கள். தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு கம்பனியின் பெயர் வரும். அதுக்கென்ன, இரண்டு நிமிசம்தானே, தள்ளிவிட்டுக் கேட்கலாம் என்பார்கள்.

எனது சண்டை அந்த இரண்டு நிமிசத்தோடு இல்லை, மிச்ச இருபத்தெட்டு நிமிசத்தோடு. கம்பனியின் உண்மையான விளம்பரம் அதற்குள்தான் இருந்தது.

முதலில் காசு எங்கிருந்து வந்தது எண்டு பார்ப்பம். இந்த வகை நாடகங்களில் மிகப் பெயர் பெற்றது 'கவல்கேட் ஒஃப் அமெரிக்கா'. 1935 ஒக்டோபரில் சிபிஎஸ் வானொலியில் தொடங்கி, பிறகு என்பிசிக்குப் போய், 1953 வரை வானொலியில் ஓடியது. அனுசரணையாளர் டுபொன்ட் கம்பனி. நைலோன் கண்டுபிடித்த அதே டுபொன்ட்தான். ஆனால் நைலோனுக்கு நெடுங்காலம் முன்னமே, 1802இல், டெலவெயாரில் பிராண்டிவைன் ஆற்றங்கரையில் வெடிமருந்து ஆலையாகத்தான் அது தொடங்கியது. முதலாம் உலகப் போரில் நேச நாடுகளுக்கு வெடிமருந்து விற்றுப் பெரும் இலாபம் பார்த்தது.

அந்த இலாபத்தைப் பற்றித்தான் 1934இல் அமெரிக்க செனட்டில் விசாரணை வந்தது. செனட்டர் ஜெரால்ட் நை தலைமையிலான குழு, ஆயுத வியாபாரிகள் போரால் எவ்வளவு சம்பாதித்தார்கள் என்று தோண்டியது. டுபொன்ட் சகோதரர்களும் அந்தக் குழுவின் முன் போய்ப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஆயுத வியாபாரிகளைப் பற்றி 'மேர்ச்சன்ட்ஸ் ஒஃப் டெத்' என்று ஒரு புத்தகம் வந்து பரபரப்பாக விற்றது. மரண வியாபாரிகள் என்ற அந்தப் பெயர் டுபொன்ட்டின் நெற்றியில் நன்றாக ஒட்டிக்கொண்டது.

அடுத்த ஆண்டு கவல்கேட் ஒஃப் அமெரிக்கா வானொலிக்கு வருகிறது. இரசாயனத்தால் வாழ்க்கை மேம்படும் என்ற கம்பனிச் சுலோகமும் அந்த நேரம்தான் வருகிறது. இதைத் தற்செயல் என்று நம்புகிறவர்களோடு எனக்குக் கதைக்க ஒண்டுமில்லை.

இனித்தான் இருக்கு விசயம். தொடக்க வருசங்களில் இந்த நிகழ்ச்சிக்கு எழுதியவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது: துப்பாக்கிச் சத்தம் கேட்கக்கூடாது, வெடிச்சத்தம் கேட்கக்கூடாது. அங்கே எழுதியவர்களில் ஒருவரான எரிக் பார்னோ, பிறகு ஒலிபரப்பு வரலாற்றை எழுதும்போது இதைப் பதிவு செய்திருக்கிறார். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். போராலே பிறந்து, உள்நாட்டுப் போரால் பிளந்து, பழங்குடி மக்களின் நிலத்தைத் துவக்கு முனையில் பிடித்த ஒரு நாட்டின் வரலாறு, ஒரு வெடிகூட வெடிக்காமல் வாராவாரம் ஒலிபரப்பாகிறது. அதற்குக் காசு கொடுப்பது அந்த நாட்டின் மிகப் பெரிய வெடிமருந்துக் கம்பனி!

"சமாதானத்தில அவ்வளவு பற்று, அதுவும் நல்லதுதானே" என்று யாராவது சொல்லக்கூடும். அப்படியென்றால் அந்தப் பற்று நிலைத்திருக்க வேண்டும். 1941 டிசம்பரில் அமெரிக்கா போருக்குள் போனதும், கவல்கேட்டும் சீருடை போட்டுக்கொண்டு போர்க்கதை சொல்லத் தொடங்கியது. 1943இல் வொஷிங்டன் மாநிலத்தின் ஹான்ஃபோர்டில் புளுட்டோனியம் தயாரிக்கும் அணு உலைகளை டுபொன்ட் கட்ட ஆரம்பித்தது, அதை இயக்கியதும் அதுதான். 1945 ஓகஸ்ட் 9இல் நாகசாகியில் விழுந்த குண்டுக்கான புளுட்டோனியம் அங்கிருந்து போனது. வானொலியில் வெடிச்சத்தத்தை அடக்கச் சொன்ன கம்பனியின் கதை இது.

இந்த இடத்தில் எதிர்த்தரப்புக்கு நல்ல வாதம் ஒன்று இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். கவல்கேட்டில் எழுதியவர்கள் லேசுப்பட்ட ஆட்கள் இல்லை. நாடகாசிரியர் ஆர்தர் மில்லர் பெயர் எடுப்பதற்கு முன் அங்கே எழுதினார். ஒர்சன் வெல்ஸ் நடித்தார். கார்ல் சான்ட்பேர்க் எழுதிய லிங்கன் வரலாற்றை 1940இல் ரேமண்ட் மாசியின் குரலில் நாடகமாக்கினார்கள். பேர்போன வரலாற்றுப் பேராசிரியர்களை ஆலோசகர்களாக வைத்திருந்தார்கள், திகதியும் தகவலும் பிழைக்காமல் பார்த்தார்கள். பிறகு இதில என்ன பொய் எண்டு கேப்பீங்கள்.

திகதியில் பொய் இல்லை. பொய் கதையின் எலும்புக்கூட்டில் இருக்கிறது. இந்த வகை நாடகங்கள் நாலைந்தை அடுத்தடுத்துக் கேட்டால் அது பிடிபடும். ஒரு தனிமனிதர். அவருக்கு ஒரு கனவு. வறுமை, வருத்தம், மற்றவர்களின் நம்பிக்கையீனம் என்று ஏதோவொரு தடை. விடாமுயற்சி. வெற்றி. பின்னணியில் வயலின். தடை இருக்கும், ஆனால் தடையைப் போட்டவன் இருக்கமாட்டான். வறுமை மழை மாதிரி வானத்திலிருந்து விழும், அதனால் இலாபம் அடைந்தவனுக்குக் கதையில் பாத்திரம் இல்லை. செனட் விசாரணையால் அடிபட்ட ஒரு கம்பனிக்கு இதைவிட வாய்ப்பான கதை வேறென்ன வேணும்? குற்றவாளியே இல்லாத வரலாறு. 1942 ஒக்டோபரில் கொலம்பஸின் கதையை ஒர்சன் வெல்ஸைக் கொண்டு செய்தபோது அதற்கு வைத்த தலைப்பு 'அட்மிரல் ஒஃப் த ஓஷன் ஸீ', அதாவது சமுத்திரத்தின் தளபதி. கதை எந்தக் கப்பலில் ஏறி நிற்கிறது என்று தலைப்பே சொல்கிறது. கரையில் நின்றவர்களின் பக்கத்தில் மைக் இல்லை.

"வானொலி நாடகம் எண்டா அப்பிடித்தான், அரை மணித்தியாலத்துக்குள்ள வேற என்ன செய்யலாம்?" என்பது அடுத்த சமாளிப்பு. வேறு செய்யலாம். அதே அமெரிக்காவில், அதே அரை மணித்தியாலத்துக்குள் ஒருவர் செய்து காட்டினார்.

அவர் பெயர் ரிச்சர்ட் டர்ஹம். 1917இல் மிசிசிப்பியில் பிறந்து சிகாகோவில் வளர்ந்த கறுப்பின எழுத்தாளர். 1948 ஜூனில் சிகாகோவின் டபிள்யூஎம்ஏகியூ நிலையத்தில் 'டெஸ்டினேஷன் ஃப்ரீடம்' என்ற தொடரைத் தொடங்கினார். ஞாயிறு காலையில், ஒரு நகரத்தின் நிலையத்திலிருந்து. நாடு முழுக்கக் கேட்ட கவல்கேட்டோடு ஒப்பிட்டால் ஒரு மூலை. முதல் வாரங்களில் சிகாகோ டிஃபென்டர் என்ற கறுப்பினப் பத்திரிகை அனுசரணை தந்தது. அதன் பிறகு பெரும்பாலும் அனுசரணையாளரே இல்லை. இரண்டு வருசத்தில் 91 நாடகங்கள் எழுதினார்.

யாரைப் பற்றி? அடிமைகளைத் தப்பவைத்த ஹரியட் டப்மன். ஃபிரெடரிக் டக்ளஸ். கறுப்பின மக்களை அடித்துக் கொன்று மரத்தில் தொங்கவிட்ட கும்பல்களை எதிர்த்து எழுதிய ஐடா பி. வெல்ஸ். டென்மார்க் வீசி. கடைசிப் பெயரைக் கவனியுங்கள். வீசி தென் கரோலைனாவின் சார்ள்ஸ்டனில் அடிமையாக இருந்தவர். 1799இல் லொத்தர்ச் சீட்டில் 1,500 டொலர் விழ, அதில் 600 டொலரைக் கொடுத்துத் தன்னுடைய விடுதலையைத் தானே வாங்கினார். கவல்கேட் பாணியில் இங்கேயே நாடகத்தை முடித்துவிடலாம்: உழைப்பு, அதிர்ஷ்டம், விடுதலை, வயலின். ஆனால் வீசியின் வாழ்க்கை அங்கே முடியவில்லை. தான் மட்டும் விடுதலையானது அவருக்குப் போதவில்லை. அடிமைகளைத் திரட்டிக் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டார் என்று 1822இல் பிடிபட்டார். அவரோடு சேர்த்து முப்பத்தைந்து பேரைத் தூக்கில் போட்டார்கள். குற்றவாளி இல்லாமல் இந்த வாழ்க்கையைச் சொல்ல முடியாது, தூக்குக் கயிற்றை யாரோ பிடித்திருக்க வேண்டும். டர்ஹம் இப்படிப்பட்ட வாழ்க்கைகளைத்தான் தேடித் தேடி எடுத்தார்.

இன்னொரு உதாரணம் டொக்டர் டானியல் ஹேல் வில்லியம்ஸ். 1893இல் சிகாகோவில், கத்திக்குத்துப் பட்ட ஒருவரின் நெஞ்சைத் திறந்து இதயத்தின் உறையைத் தைத்துக் காப்பாற்றியவர். சுலபமான கதை: கெட்டிக்கார டொக்டர், துணிச்சலான சத்திரசிகிச்சை. ஆனால் அந்தச் சிகிச்சை நடந்த புரொவிடன்ட் வைத்தியசாலை ஏன் தொடங்கப்பட்டது? எமா ரெனோல்ட்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணைச் சிகாகோவின் தாதியர் பயிற்சிப் பள்ளிகள் சேர்க்க மறுத்ததால். பூட்டிய கதவுகளைச் சொல்லாமல் டொக்டரை மட்டும் புகழ்ந்தால், புகழ்ச்சியே மறைப்பாகிவிடும். வில்லியம்ஸின் கதை வரும் நாடகத்தில் டர்ஹம் எதைப் பேசவிட்டார் தெரியுமா? நோயாளியின் இதயத்தை! பெரிய மனிதரின் கதையைக் கத்திக்குக் கீழே கிடப்பது சொல்கிறது. அரை மணித்தியாலம் போதாது என்றவர்களுக்கு இதுதான் பதில்.

"அப்ப டர்ஹம் மட்டும் பிரசாரம் செய்யேல்லையா?" செய்தார். ஒரு பக்கம் நின்றார், நிற்கிறேன் என்று நிகழ்ச்சியின் பெயரிலேயே சொல்லிவிட்டு நின்றார். கவல்கேட்டும் ஒரு பக்கம்தான் நின்றது. ஆனால் அது தன் பக்கத்துக்கு 'அமெரிக்கா' என்று பெயர் வைத்தது. எனக்கு ஆத்திரம் வருவது அந்த இடத்தில்தான். பக்கச்சார்பை நான் பொறுப்பேன், பக்கச்சார்பு பொதுவரலாறு மாதிரி வேசம் போட்டு வருவதைப் பொறுக்க மாட்டேன்.

முடிவு என்னானது தெரியுமா? 1950இல் டர்ஹம் விலகிய பிறகு, நிலையம் தலைப்பை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளடக்கத்தை மாற்றியது. பனிப்போர்க் காலம் அது. புதிய 'டெஸ்டினேஷன் ஃப்ரீடம்' நிகழ்ச்சியில் கதை சொன்னவர் பால் ரெவியர், அமெரிக்கச் சுதந்திரப் போரின் வெள்ளைக்கார வீரர். ஹரியட் டப்மனின் வீட்டுக்குள் வேறொருவரைக் குடியேற்றிவிட்டு வாசலில் பழைய பெயர்ப்பலகையைத் தொங்கவிட்ட வேலை. டர்ஹம் தன் எழுத்தின் உரிமைக்காக என்பிசி மீது வழக்குப் போட வேண்டி வந்தது.

இதையெல்லாம் ஏன் இங்கே இருந்து நாங்கள் கதைக்க வேணும்? கவல்கேட் சாகவில்லை, வடிவம் மாறியிருக்கிறது, அதுதான் காரணம். இன்றைக்கு எங்கட கைபேசியில் வந்து விழும் வாழ்க்கை வரலாற்று வீடியோக்களையும் பொட்காஸ்ட்களையும் கேளுங்கள். வறுமையிலிருந்து எழுந்த கோடீஸ்வரர், பத்து நிமிசம், பின்னணியில் வயலினுக்குப் பதிலாகப் பியானோ. தொழிலாளி இல்லை, தொழிற்சங்கம் இல்லை, தடையைப் போட்டவன் இல்லை. நடுவில் ஒரு செயலியின் விளம்பரம். டுபொன்ட் 1935இல் செய்த அதே எலும்புக்கூடு. பிறகு நாங்கள் அதைப் பார்த்துவிட்டு, எங்கட வறுமைக்கும் வேலையின்மைக்கும் எங்கட முயற்சி போதாமைதான் காரணம் என்று இரவிரவாக எங்களையே திட்டிக்கொள்கிறோம். குற்றவாளி இல்லாத கதையைக் கேட்டுப் பழகினவன் கடைசியில் தன்னையே குற்றவாளியாக்குவான்.

பழைய நாடகங்களைக் கேட்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கேளுங்கள், வெல்ஸின் குரலுக்காகவேனும் கேளுங்கள். ஆனால் அடுத்ததாக டர்ஹமின் நாடகம் ஒன்றையும் போட்டுக் கேளுங்கள், ஒலிப்பதிவுகள் பல இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. எங்களில் யாராவது ஒலிநாடகமோ பொட்காஸ்டோ செய்யப் போனால், பெரிய மனிதரின் பிறந்த திகதியைச் சரிபார்ப்பது மட்டும் போதாது. அவருக்கு முன்னால் கதவை மூடியவனின் பெயரையும் தேடி எடுங்கள். அந்தப் பெயரைச் சொல்ல விடாத அனுசரணையாளரின் காசு எங்களுக்கு வேண்டாம்.