சோதித்தலே மூலிகைக்குச் செய்யும் மதிப்பு

நாட்டு மருத்துவம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நம்மிடையே இரு குரல்கள் ஒலிக்கக் கேட்கிறோம். முன்னோர் யாவற்றையும் அறிந்து ஏட்டில் எழுதிவிட்டனர், இனி ஆராய ஏதுமில்லை என்பது ஒன்று. அவை யாவும் அறிவுக்கொவ்வாப் பழங்கதைகள், ஆராயத் தக்கவையல்ல என்பது மற்றொன்று. ஒன்றுக்கொன்று பகைபோலத் தோன்றும் இவ்விரண்டும் ஆராய வேண்டியதில்லை என்னும் முடிவில் ஒன்றுபட்டு நிற்கின்றன. சோதிக்கும் உழைப்பிலிருந்து தப்பிக்கொள்வதற்கு ஒருவர் பக்தியையும் மற்றவர் ஏளனத்தையும் கருவியாகக் கொள்கின்றனர். இவ்விரு சோம்பலையும் மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இணுவிலை எடுத்துக்கொள்வோம். பரம்பரை வைத்தியம் வேரூன்றிய ஊர் அது. அவ்வூரிலேயே 1898ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனின் மகளிர் வைத்தியசாலையும் எழுந்தது. இரு மருத்துவ மரபுகள் ஒரே மண்ணில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அருகருகே வாழ்ந்துள்ளன. ஆயினும், பரியாரியாரின் குடிநீரில் நோயை மாற்றுவது எது, எவ்வளவு, எவ்வாறு என்று கேட்டு விடை காணும் ஆய்வுகூடம் அவற்றிடையே எழவில்லை. யாழ்ப்பாண மன்னர் காலத்தவை எனக் கொள்ளப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய வைத்திய நூல்களை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை அச்சேற்றித் தந்தார். அச்சேறிய பின்னும் அவற்றை ஆய்வுக்குரிய வினாக்களின் களஞ்சியமாகக் கொண்டோர் எத்துணைப் பேர்?

சீனர் என்ன செய்தனர் என்பதை ஈண்டு நோக்குதல் தகும். வழக்கிலிருந்த மருந்துகளுக்கு மலேரியாக் கிருமி பணியாத நிலையில், 1967 மே 23ஆம் நாள் அந்நாட்டு அரசு ஓர் இரகசிய ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கியது. அதில் 1969இல் பொறுப்பேற்ற தூ யூயூ என்னும் பெண்மணியின் குழுவினர் பழைய மருந்து முறைகள் ஏறத்தாழ 2000ஐத் திரட்டினர். ஏறக்குறைய 200 மூலிகைகளிலிருந்து 380 சாறுகளை எடுத்து எலிகளில் சோதித்தனர். 'சிங்ஹாவ்' என்னும் செடியின் சாறு ஒருமுறை பயன் தந்து மறுமுறை பொய்த்தது. நான்காம் நூற்றாண்டினரான கோ ஹொங் எழுதிய நூலை அவர் மீண்டும் படித்தார். அதில் இலையைக் காய்ச்சும்படி கூறப்படவில்லை. நீரில் ஊறவைத்துப் பிழிந்து அருந்தும்படியே கூறப்பட்டிருந்தது. வெப்பமே மருந்தைக் கெடுக்கின்றதோ என்ற ஐயம் அங்குப் பிறந்தது. குறைந்த வெப்பத்தில் ஈதரைக் கொண்டு பிரித்த சாறு 1971 ஒக்டோபரில் எலிகளின் மலேரியாவை முற்றாக அழித்தது. 1972இல் ஆர்டெமிசினின் தூய பளிங்காகப் பிரிக்கப்பட்டது. 2015இல் தூ யூயூ நோபல் பரிசு பெற்றார்.

இதைக் கேட்டதும் முதற் குரலினர், "பார்த்தீர்களா, பழைய ஏடு வென்றது" என்று மார்தட்டுவர். வென்றது ஏடு மட்டுமன்று. ஏட்டை வினாவாக மாற்றிய அறிவும் வென்றது. சோதிக்கப்பட்ட சாறுகளில் மிகப் பெரும்பாலானவை பயன் தராமற் கழிக்கப்பட்டன என்பதை அவர்கள் சொல்வதில்லை. கழிக்கும் துணிவில்லாதவனுக்குக் கண்டெடுக்கும் உரிமையுமில்லை.

துணிவு மட்டுமன்று, உயிர்ப்பொறுப்பும் இதில் அடங்கியுள்ளது. பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்காகச் சீன மூலிகை உட்கொண்ட பெண்கள் பலரின் சிறுநீரகம் அழிந்த செய்தி 1993இல் வெளியாயிற்று. பெயரொற்றுமையால் ஒரு மூலிகைக்குப் பதிலாக மற்றொன்று சேர்ந்ததே காரணம். அவ்வாறு சேர்ந்த செடியில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருந்தது. இவ்வமிலமுள்ள செடிகளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2002இல் புற்றுநோய் விளைப்பனவாக வகைப்படுத்தியது. நாம் நன்கறிந்த ஆடுதின்னாப்பாளையும் ஈச்சுரமூலியும் அச்செடிக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. இவற்றைச் சோதிக்க வேண்டாம் என்பவர், முன்னோரின் பெயரால் அயலவரின் சிறுநீரகத்தைப் பணயம் வைக்கின்றார்.

ஒரு செடியின் பெயரை அறிந்தால் மருந்தை அறிந்ததாகாது. இவ்வுண்மையை இணுவிலின் புகையிலைத் தோட்டக்காரரிடமே கற்கலாம். நுனியை முறிக்காத செடியின் இலையும் முறித்த செடியின் இலையும் ஒன்றல்ல என்பதை அவர் அறிவார். நுனி முறிக்கும்போது இலையில் நிக்கொட்டின் மிகுகின்றது என்று இரசாயனம் அதற்குக் காரணம் கூறுகின்றது. மண், பருவம், பறிக்கும் வேளை, உலர்த்தும் முறை யாவும் இலையினுள் இருக்கும் பொருளின் அளவை மாற்றவல்லன. வைத்திய நூல்கள் பறிக்கும் காலமும் பக்குவமும் கூறுவது வீண் சடங்கன்று. அளந்து பார்க்க வேண்டிய கூற்று.

இனி இரண்டாம் குரலினரிடம் கேட்போம். இரத்த அழுத்தத்துக்குப் பயன்பட்ட ரெசர்பின் எங்கிருந்து வந்தது? பல நூற்றாண்டுகளாக இப்பகுதி வைத்தியர் கையாண்ட சர்ப்பகந்தி வேரிலிருந்து 1952இல் சுவிற்சர்லாந்தில் அது பிரிக்கப்பட்டது. நமது நாட்டில் நீரிழிவுக்கு வழங்கப்படும் கடலழிஞ்சிலில் இருந்து சலசினோல் என்னும் பொருளை 1997இல் அறிவித்தவர்கள் ஜப்பானியர். நாம் ஏளனம் செய்து ஒதுக்கியதை அயலவர் ஆராய்ந்து பெயரிட்டனர். பின்னர் அப்பெயரை அவர்களின் சஞ்சிகைகளிலிருந்து நாம் மனனம் செய்கிறோம்.

நம் மாணவரின் ஆய்வு முறையும் குறையற்றதன்று. கடையில் வாங்கிய உலர்ந்த இலையை மதுசாரத்தில் ஊறவைத்து, ஒரு கிண்ணத்துப் பற்றீரியாவின்மீது இட்டு, வளையத்தை அளந்து கட்டுரை முடிக்கும் வழக்கம் எங்கும் பரவியுள்ளது. மதுசாரத்தில் இறங்குவதெல்லாம் குடிநீரில் இறங்குவதில்லை. பரியாரியார் காய்ச்சிய முறையைக் கேளாமல் செய்த சோதனை, அவர் மருந்தைச் சோதித்ததாகாது.

வெளியிட்டால் அயல்நாட்டுக் கம்பனிகள் களவாடும் என்று ஏட்டைப் பெட்டியிற் பூட்டுவோரும் உளர். அவ்வச்சம் பொய்யன்று. புண் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995இல் அமெரிக்காவில் உரிமக்காப்பு வழங்கப்பட்டதை நாம் அறிவோம். ஆனால் 1997இல் அவ்வுரிமம் வீழ்ந்தது எவ்வாறு? மஞ்சளின் பயன் முன்னரே எழுதி வெளியிடப்பட்டிருந்தது என்பதை இந்தியர் ஆவணங்களால் நிறுவினர். அச்சில் ஏறியது காத்தது. பூட்டிய ஏடு எந்த நீதிமன்றத்திலும் சாட்சி சொல்லாது. அதைச் செல்லே வாசித்து முடிக்கும்.

செய்யவேண்டியது யாது? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1984ஆம் ஆண்டு முதல் சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகின்றது. இரசாயனமும் தாவரவியலும் அதே பல்கலைக்கழகத்தில் உள்ளன. திருநெல்வேலி வளாகத்திலிருந்து இணுவில் சில கல் தொலைவே. முதலில் செடியின் பெயர் ஐயமற நிறுவப்பட்டு, மாதிரி பேணப்படல் வேண்டும். அடுத்து, வைத்தியரின் பக்குவம் அப்படியே பின்பற்றப்படல் வேண்டும். பயனைத் தேடும் அளவு நஞ்சையும் தேடல் வேண்டும். பயனில்லை என்ற முடிவும் தயக்கமின்றி வெளியிடப்படல் வேண்டும். ஏடு தந்தவரின் பெயரும் பங்கும் காக்கப்பட்டு, முடிவுகள் அவர் படிக்கும் தமிழில் அவரிடமே திரும்பிச் செல்லல் வேண்டும். 'கெமிஸ்தம்' என்னும் இரசாயன நூல் மானிப்பாய் மருத்துவர் கிறீனின் முயற்சியால் 1875இலேயே தமிழில் வெளிவந்தது. எனவே மொழியைக் காரணங் காட்டி எவரும் தப்ப இயலாது.

பரியாரியாரின் வாசலில் ஆய்வாளன் மாணவனாக நிற்கட்டும். ஆய்வுகூடத்தின் தராசின் முன் பரியாரியாரின் மருந்து அஞ்சாது நிற்கட்டும். நிற்கவல்லது நிலைக்கும், நில்லாதது கழியும். இரண்டும் நம் மக்களுக்கு நன்மையே.