மாவு எப்போது பொங்கும்?

சமையல் குறிப்பு நாலு வரிக்குள் முடிய வேண்டும் என்கிறார்கள். இட்லிக்கு அது ஒத்துவராது.

மும்பையின் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ மே மாதப் புழுக்கத்தில் சீக்கிரமே பொங்கிவிடும் மாவு, ஜனவரியில் விடிந்தும் அசையாமல் கிடக்கும். ‘எட்டு மணி நேரம் புளிக்கவிடவும்’ என்ற ஒற்றை வரி அங்கே ஏமாற்றிவிடுகிறது. தாராவியில் இட்லி அவித்து நகரெங்கும் விற்கும் தமிழ்க் குடும்பங்களுக்குக் குறிப்பே வேண்டாம், கை அறியும். சொல்லித்தர ஆளின்றித் தனியறையில் மாவு கரைப்பவருக்கு?

அப்படிப்பட்ட புதியவர்களுக்காகத்தான் எஸ். மீனாட்சி அம்மாள் 1951இல் ‘சமைத்துப் பார்’ என்ற சமையல் நூலை வெளியிட்டார். அளவையும் பக்குவத்தையும் படிப்படியாகச் சொன்னார்.

குறிப்பைச் சுருக்க வேண்டுமானால் சொந்தக் கதையை வெட்டுங்கள், சரி. உப்பு எப்போது, மாவு எவ்வளவு உயர வேண்டும், எந்த மணம் வந்தால் போதும் என்பதில் கை வைக்காதீர்கள்.