29 பதக்கங்களும் நமது கடமையும்

2024-ம் ஆண்டு பாரிஸ் நகரில் நடந்த பாராலிம்பிக் போட்டிகளுக்கு நம் நாட்டிலிருந்து 84 பேர் சென்றனர். உடல் ஊனமுற்றோருக்கென நடக்கும் உலகப் போட்டி அது. 7 தங்கம், 9 வெள்ளி, 13 வெண்கலம், ஆக 29 பதக்கங்களுடன் நமது அணி திரும்பியது. சில வாரங்களுக்கு முன் அதே நகரில் நடந்த ஒலிம்பிக்கில் நம் நாடு பெற்றவை ஆறே! தமிழகத்தின் துளசிமதி, மனிஷா, நித்யஸ்ரீ ஆகியோர் இறகுப்பந்திலும், மாரியப்பன் உயரம் தாண்டுவதிலும் பதக்கம் வென்றனர். அனைவரையும் உளமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால், பாராட்டோடு நின்றுவிட நம்மால் முடியாது.

இப்போட்டி பிறந்த வரலாறு என்ன? ஹிட்லர் ஆட்சிக்குத் தப்பி இங்கிலாந்து சென்ற டாக்டர் குட்மன், யுத்தத்தில் படுகாயமுற்ற சிப்பாய்களுக்காக 1948-ல் தொடங்கியது இது. 1965 யுத்தத்தில் குண்டடிபட்ட நமது சிப்பாய் முரளிகாந்த் பேட்கர், 1972-ல் ஹைடல்பர்க் நகரில் நீச்சலில் தங்கம் வென்றார். அர்ஜுனா விருது அவர் கைக்கு வந்தது 2025 ஜனவரியில்! நாட்டுக்காக உடலைக் கொடுத்தவரின் கதியே இதுவென்றால், கூலிக்காரனின் கதி என்ன?

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பனின் கதையைப் பாருங்கள். ஐந்து வயதில் பள்ளிக்குப் போகும் வழியில் பஸ் ஏறி அவர் வலது கால் நசுங்கியது. செங்கல் சுமந்தும் காய்கறி விற்றும் பிள்ளைகளை வளர்த்த தாய், வைத்தியத்துக்கு 3 லட்ச ரூபாய் கடன்பட்டார். பல்லாண்டு வழக்கு நடத்திக் கிடைத்த நஷ்டஈடு 2 லட்சம். அதில் பாதி வக்கீல் செலவுக்கே போயிற்று. அதே மாரியப்பன் 2016-ல் ரியோ நகரில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றதும், மாநில சர்க்கார் 2 கோடி ரூபாய் அறிவித்தது. கொடுத்தது நியாயம்தான். ஆனால் போன காலுக்கு 2 லட்சம், தாண்டிய காலுக்கு 2 கோடி! தாண்ட முடியாதவனுக்கு என்ன?

நமது செஞ்சிக் கோட்டை 2025-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. ராஜகிரியைக் காண உலகமே வரட்டும், மகிழ்ச்சி. ஆனால் கல் குவாரியில் காலிழந்தவன், ஆலையில் விரலிழந்தவன், கதிரடிக்கும் யந்திரத்தில் கையைப் பறிகொடுத்தவள்—இவர்களை யார் பார்ப்பது?

சர்க்கார் வேலையில் 4 சதவீதம் ஊனமுற்றோருக்கு ஒதுக்கவேண்டும் என்கிறது 2016-ம் ஆண்டுச் சட்டம். பொதுக் கட்டடங்களில் அவர்கள் தடையின்றி நுழைய வழி செய்ய 5 ஆண்டுக் கெடுவும் விதித்தது. கெடு கடந்துவிட்டது, படிக்கட்டுகள் அப்படியே நிற்கின்றன.

நாம் கோருவது தர்மமல்ல, உரிமை. ஒதுக்கிய வேலைகளை உடனே நிரப்புக! விபத்து நஷ்டஈட்டை இழுத்தடிக்காமல் வழங்குக! தாலுகா தோறும் ஊனமுற்ற குழந்தைகளும் விளையாட மைதானமும் பயிற்சியாளரும் தருக!

ஆலைத் தொழிலாளர் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் தம் கோரிக்கைப் பட்டியலில் இவற்றைச் சேர்க்கவேண்டும். இன்று யந்திரத்தின் முன் நிற்கும் நம்மில் எவருக்கும் நாளை இந்நிலை வரலாம். கை இழந்த தோழனுக்காக இரு கையுள்ள நாம் குரல் கொடுப்போம்!