கடாரத்தில் இருந்துகொண்டு எந்த வரலாற்று நாவலைப் படிப்பது?

“அண்ணே, இந்த ஆண்டு மலருக்கு நீங்கள் படித்த நல்ல வரலாற்று நாவல்களைப் பற்றி எழுதித் தாருங்கள்” என்று மலர்க்குழுத் தம்பி ஒருவர் கேட்டார். எளிய வேலைதானே என்று உடனே ஒப்புக்கொண்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் அது அவ்வளவு எளிதன்று எனத் தெரிந்தது. ஏனெனில் பட்டியலின் முதல் பெயர் தானாகவே விழுந்துவிட்டது. அது என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும்.

ஆம், ‘பொன்னியின் செல்வன்’தான். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்த கதை இன்றும் புதிய வாசகர்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. 2022, 2023ஆம் ஆண்டுகளில் திரைப்படமாக இரு பாகங்கள் வந்தபின், தமிழில் ஒரு கதைப் புத்தகத்தையும் தொடாத நண்பர்கள்கூட ஐந்து பாகங்களையும் வாங்கிப் படித்தார்கள். அதில் எனக்கு மகிழ்ச்சியே. தமிழில் நீண்ட நூலைப் படித்து முடிக்க முடியும் என்ற தன்னம்பிக்கையை நம்மில் பலருக்குத் தந்தது அந்த நாவல். அதையடுத்து ‘சிவகாமியின் சபதம்’, சாண்டில்யனின் ‘கடல் புறா’, 1963-இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்ற அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’ என்று நம் வாசிப்பு வளர்கிறது.

கூலிமில் பிறந்த எனக்கு இந்த நாவல்களில் ஒரு தனி ஈர்ப்பும் உண்டு. ‘கடாரம்’ என்ற சொல் வரும்போதெல்லாம் நிமிர்ந்து உட்கார்வேன். நம் ஊரல்லவா! 1025-இல் இராசேந்திர சோழனின் கப்பற்படை வந்த கதையைப் படிக்கும்போது நான் சோழர் மரக்கலத்தில்தான் ஏறி நிற்பேன். நான் பிறந்ததோ அந்தப் படை வந்து தாக்கிய மண்ணில். இந்த முரண் எனக்கு உறைக்க வெகுகாலம் ஆனது. கடாரத்தில் வாழ்ந்துகொண்டே, கடாரத்தை வென்றவனின் கண்ணால் மட்டும் அதைப் பார்க்கப் பழகியிருந்தேன்.

வேறொன்றும் உறைத்தது. வந்தியத்தேவன் எந்த வழியாகத் தஞ்சைக்குப் போனான் என்று எனக்கு ஊர் ஊராகச் சொல்லத் தெரியும். ஆனால் என் பாட்டியின் அண்ணன் எந்த ரயில் நிலையத்தில் ஏற்றப்பட்டுச் சயாமுக்குப் போனார் என்று தெரியாது. பல்கலைக்கழக விடுமுறையில் ஒருமுறை பாட்டியிடம் கேட்டேன். “சயாமுக்குப் போனவங்க கதைய இப்ப எதுக்குய்யா கேட்கிற? போனவங்க போனவங்கதான்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். நானும் வற்புறுத்தவில்லை, கையில் இருந்த நாவலுக்கே திரும்பிவிட்டேன். அடுத்த ஆண்டு பாட்டி காலமானார். இனி அந்தக் கேள்வியைக் கேட்க வீட்டில் ஆளில்லை.

நண்பர்களே, என் பரிந்துரைப் பட்டியல் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

1942-க்கும் 1943-க்கும் இடையில், சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் ரயில் பாதையை ஜப்பானியர் காட்டை வெட்டிப் போட்டனர். அதில் வேலை செய்த நேசநாட்டுப் போர்க் கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். ஆசியத் தொழிலாளர்களோ அவர்களைவிடப் பல மடங்கு. மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பாலோர் நம் தோட்டத் தமிழர்கள். காலராவிலும் பட்டினியிலும் பல பத்தாயிரம் பேர் மாண்டார்கள். காஞ்சனபுரியில் போர்க் கைதிகளுக்கு வரிசை வரிசையாகக் கல்லறைகள் உண்டு. நம்மவர்களில் மிகப் பலருக்குப் பெயர்ப் பட்டியல்கூட இல்லை.

உலகம் இந்த ரயிலை அறிந்தது ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ என்ற 1957ஆம் ஆண்டுத் திரைப்படத்தால். அதன் மூலமான பிரெஞ்சு நாவலை 1952-இல் எழுதிய பியர் பூல், போருக்கு முன் மலாயாவில் ரப்பர்த் தோட்டத்தில் பணியாற்றியவர். தோட்டத்தை அறிந்த அவருடைய கதையிலும் மையம் ஆங்கிலேயக் கைதிகள்தாம். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நம் கதையை நாம்தான் எழுத வேண்டும், எழுதியதை நாம்தான் படிக்க வேண்டும்.

எழுதியவர்கள் இருக்கிறார்கள். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’, நம் கெடா மாநிலத்து கோ. புண்ணியவானின் ‘கையறு’ ஆகிய மூன்றும் அந்த ரயில் பாதையைப் பற்றிய நாவல்கள். ரெங்கசாமியின் ‘லங்காட் நதிக்கரை’ ஜப்பானியர் காலத்தையும் அவசரகாலத்தையும் சொல்கிறது. அவருடைய ‘இமயத் தியாகம்’ இந்திய தேசிய இராணுவத்தைப் பற்றியது. ஆங்கிலத்திலும் படிப்பவர்கள் வெனெசா சானின் ‘தி ஸ்டோர்ம் வீ மேட்’ நாவலைச் சேர்த்துக்கொள்ளலாம். 2024-இல் வெளிவந்த இந்த நாவலில் கோலாலம்பூர்க் குடும்பம் ஒன்றின் மகன் அந்த முகாம்களில் சிக்குகிறான்.

கெடாவை மட்டும் எடுத்துக்கொண்டாலும் ஒரு தவணைக்குப் போதுமான நூல்கள் உண்டு. பீடோங்கில் பிறந்த கே. எஸ். மணியம் 1981-இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘தி ரிட்டர்ன்’ நாவலை நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? 2017-இல் தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருதைப் பெற்ற சீ. முத்துசாமியின் ‘மண்புழுக்கள்’, ‘மலைக்காடு’ ஆகியவை தோட்டத்தின் உள்ளிருந்து எழுதப்பட்டவை. புண்ணியவானின் ‘செலாஞ்சார் அம்பாட்’, 1980-களில் பகாங் மாநில நிலத்திட்டம் ஒன்றில் தமிழ்த் தொழிலாளர்கள் கொத்தடிமைகளாக வைக்கப்பட்ட நிகழ்வைப் பின்னணியாகக் கொண்டது. மலாயில் படிப்பவர்களுக்கு, சிக் வட்டாரத்தில் பிறந்த ஷானோன் அகமதுவின் ‘ராஞ்சாவ் செபாஞ்சாங் ஜாலான்’ உண்டு. 1966-இல் வந்த அந்நாவலில் சேற்றோடும் நண்டோடும் மல்லுக்கட்டும் மலாய் நெல் விவசாயக் குடும்பத்தைப் படித்தபோது, பக்கத்துக் கம்பத்துக்காரரின் வறுமை நம் லயத்து வறுமையின் உடன்பிறப்பு என்று உணர்ந்தேன்.

கூலிமுக்கு அருகிலுள்ள லூனாசில் 1981-இல் நச்சுச் சாராயம் பல உயிர்களைக் குடித்தது. அந்த நிகழ்வைப் பின்னணியாக வைத்து ம. நவீன் எழுதிய ‘பேய்ச்சி’ 2019-இல் வந்தது. 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு அதைத் தடை செய்தது. ஆகவே அதை நான் பட்டியலில் சேர்க்கவில்லை. ஆனால் அந்த மரணங்களை நினைவில் வைத்திருப்பவர்கள் லூனாசிலும் கூலிமிலும் பாடாங் செராயிலும் இன்றும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்கத் தடை ஏதும் இல்லை.

இனி, வழக்கமாக எழும் மறுப்புக்கு வருகிறேன். “நம் நாட்டு நாவல்களில் ஒரே அழுகை, கங்காணி அடிப்பான், கிராணி ஏசுவான், கள்ளுக்கடையில் அப்பா விழுந்து கிடப்பார், எத்தனை முறை படிப்பது?” என்கிறார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. சில நாவல்களில் செய்தி முன்னே வந்து கதையை மறைத்துவிடுகிறது, உரையாடல் மேடைப்பேச்சாகிவிடுகிறது. கல்கியின் ஓட்டத்துக்குப் பழகிய கண் இங்கே தடுக்கி நிற்பது இயல்பே. ஆனால் அழுகை மட்டுமே நம் வரலாறு என்பது தவறு. 1946, 1947ஆம் ஆண்டுகளில் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. தொழிலாளர்களே அணி சேர்ந்து கள்ளுக்கடைகளை மறித்தார்கள். கள்ளுக்கடையில் விழுந்து கிடந்த அப்பாக்கள் மட்டுமல்லர், அந்தக் கடை வாசலில் கைகோத்து நின்ற அப்பாக்களும் நமக்கு உண்டு. அவர்களைப் பற்றி இன்னும் நிறைய எழுத வேண்டும். குறை தெரிந்த வாசகர்தாம் அதை நன்றாக எழுத முடியும். படிக்காமலே குறை சொல்பவரால் அது ஆகாது.

தமிழ்நாட்டிலிருந்தும் அரண்மனைக்கு வெளியே நிற்கும் வரலாற்று நாவல்கள் வந்துள்ளன. ஜெயமோகனின் ‘வெள்ளை யானை’ 1870-களின் பெரும் பஞ்சத்தைச் சொல்கிறது. நம் முன்னோர் கப்பலேறியதன் காரணங்களில் ஒன்று பஞ்சம் என்பதால், அதை நம் குடும்பக் கதையின் முன்னுரையாகவே படிக்கலாம். பிரபஞ்சனின் ‘மானுடம் வெல்லும்’ ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை அடியொற்றிப் புதுச்சேரியைக் காட்டுகிறது. ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ இரண்டும் போர்க்காலப் பினாங்கையும் மேடானையும் கண்முன் நிறுத்துகின்றன. பினாங்குப் பாலத்தைக் கடந்து வகுப்புக்குப் போகிறவர்கள் இவற்றைப் படிக்காமல் இருப்பது பெரிய இழப்பு.

எதைப் படித்தாலும் நாவலை நாவலாகவும் சான்றைச் சான்றாகவும் படியுங்கள். பொன்னியின் செல்வனில் அருள்மொழிவர்மர் நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்தில் தங்குகிறார். லெய்டன் செப்பேடுகள் என அறியப்படும் ஆனைமங்கலச் செப்பேடுகளின்படி, அந்த விகாரம் எழுந்தது இராசராசனாக அவர் முடிசூடிய பிறகுதான். அதை எழுப்பியவரோ கடாரத்து அரசர்! இது கல்கிக்குக் குறை ஆகாது, கதைக்குத் தேவைப்பட்டதை அவர் எடுத்துக்கொண்டார். ஆனால் நம் கெடா அரசர் கட்டிய விகாரம் அது என்பதை நாவலோடு நின்றவர் அறியமாட்டார். மெர்போக்கிலுள்ள பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். 2013-இல் அந்தப் பள்ளத்தாக்கின் 11ஆம் எண் சண்டி வீடமைப்புக்காக இடித்துத் தள்ளப்பட்டது. இடிபட்ட பிறகுதான் நம்மில் பலர் அதன் பெயரையே கேள்விப்பட்டோம்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். ஒரு தவணைக்கு ஒரு மன்னர் நாவல் படித்தால், கூடவே ஒரு மலேசிய நாவலும் படியுங்கள். விடுமுறையில் வீட்டுக்குப் போகும்போது, படித்ததை வைத்துக்கொண்டு வீட்டுப் பெரியவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். “இப்ப எதுக்குய்யா?” என்று அவர் அடுப்படிக்குப் போனால், நீங்களும் எழுந்து அடுப்படிக்குப் போங்கள். நான் போகவில்லை.