லயத்து வீடும் கல்லூரி வாசலும்

தகுதி இருந்தால் எவரும் படித்து உயரலாம் என்று உபதேசிப்போர் ஒருமுறை சின்னக்கானலுக்கு வரட்டும். தலைமுறைகளாகத் தேயிலைத் தோட்டத்து லயங்களில் வாழும் தமிழ்த் தொழிலாளர்களில் பலருக்கு ஒரு சென்ட் நிலம்கூடச் சொந்தமில்லை. அவர்தம் பிள்ளைகளைப் பல்கலைக்கழக வாசலில் மறிப்பது அறிவின் குறைவன்று, உடைமையின்மையே.

கல்விக் கடன் இருக்கிறதே என்பார்கள். வங்கிகளின் மாதிரித் திட்டப்படி, ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பொதுவாகச் சொத்து ஈடு வேண்டும். லயத்தை எவர் ஈடாக ஏற்பார்?

உதவித்தொகை இருக்கிறதே என்பார்கள். தலித் மாணவர் அதற்குச் சாதிச் சான்று கேட்டால், குடும்பம் 1950க்கு முன்பே கேரளத்தில் வாழ்ந்ததற்கு ஆவணம் கோரப்படுகிறது. பாட்டன் பெயரில் பத்திரமா இருக்கிறது? தேவிகுளத்தில் வென்ற தோழர் ஏ. ராஜாவின் சாதித் தகுதியே வழக்கானது. 2023இல் உயர் நீதிமன்றம் ரத்துச் செய்த வெற்றியை 2025இல்தான் உச்ச நீதிமன்றம் மீட்டளித்தது. கல்லூரிச் சேர்க்கையின் கடைசி நாள் ஈராண்டு காத்திருக்குமா?

எல்லாவற்றினும் கொடியது மற்றொன்று. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீட்டு வசதியை முதலாளியின் கடமையாக்கியது. முதலாளித்துவம் அவ்வீட்டையே விலங்காக்கிக்கொண்டது. வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பெற்றோர் ஓய்வுபெறும்போது, கூரையைக் காக்கப் பிள்ளைகளில் ஒருவர் கொழுந்துக்கூடையை ஏந்துகிறார். அவர் பட்டம் பெற வேண்டியவராகவும் இருக்கலாம்.

2015இல் மூணாறில் பெண் தொழிலாளர்கள் நடத்திய போராட்டத்தின் விளைவாக நாட்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ஆயிற்று. மாதம் 26 நாள் உழைத்தாலும் அன்று கிடைத்தது 7,826 ரூபாய்தான். அப்போராட்டத்தில் அப்பெண்கள் சங்கத் தலைவர்களைத் தள்ளி நிறுத்தினார்கள் என்பதை நாம் மறக்கலாகாது. கூலிக்கும் போனசுக்கும் பேசிய நாம், வீட்டையும் கல்வியையும் கோரிக்கைப் பட்டியலின் கடைசியில் வைத்திருந்தோம்.

தோழர்களே, கூலி உயர்வு அடுப்பை எரியவைக்கும். தலைமுறையின் விதியை மாற்றாது. வேலையிலிருந்து வீட்டைப் பிரித்து, தொழிலாளியின் பெயரில் பட்டா வழங்கு! சான்றுக்கு அலைக்கழிப்பதை நிறுத்து! இவ்விரண்டும் இனி நம் முதல் முழக்கங்களாகட்டும்.